பருவ வயதை நெருங்கும் குழந்தைகளும் முதல் வகை நீரிழிவும்

முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு குழந்தையை வளர்ப்பதில் மிகக் கடினமான காலம் எது என்று பெற்றோரைக் கேட்டால், நோய் கண்டறியப்பட்ட முதல் சில வாரங்கள் என்றே பலரும் கூறுவர். மருத்துவப் பதிவேடுகள் தரும் விடை வேறு. அமெரிக்காவில் இந்நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துவந்த டி1டி எக்ஸ்சேஞ்ச் என்னும் பதிவேட்டின் 2016 முதல் 2018 வரையிலான தரவுகளில், ஐந்து வயதினரிடம் சராசரியாக 8.1 விழுக்காடாக இருந்த எச்பிஏ1சி அளவு, பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையிலானவர்களிடம் 9.3 விழுக்காட்டை எட்டியிருந்தது. எச்பிஏ1சி என்பது இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு சர்க்கரையோடு ஒட்டியிருக்கிறது என்பதை அளக்கும் சோதனை. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையை அது உணர்த்தும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதை 7 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பதே மருத்துவர்கள் நாடும் இலக்கு. இன்சுலின் பம்பும், தோலில் ஒட்டிக்கொள்ளும் உணரியும் பரவலாகப் புழங்கும் ஒரு நாட்டிலேயே இத்தகைய சறுக்கல் நேர்கிறதென்றால், அதன் காரணத்தைக் கருவிகளின் குறைபாட்டில் மட்டும் தேடிப் பயனில்லை.

காரணங்கள் இரண்டு. பூப்புக் காலத்தில் உடலே இன்சுலினுக்கு எதிராக நிற்கத் தொடங்குவது ஒன்று. அதுவரை தாயின் கையிலோ தந்தையின் கையிலோ இருந்த சிகிச்சை, அதே ஆண்டுகளில் குழந்தையின் கைக்கு மாறுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் ஒன்று மற்றொன்றாகப் பிழைபட உணரப்படுகிறது. உடல் செய்யும் வேலைக்குக் குழந்தையின் குணம் பொறுப்பாக்கப்படுகிறது. பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையிலான சிகிச்சையில் நேரும் இடர்களுள் பெரும்பகுதி இந்தப் பிழையிலிருந்து கிளைப்பதே என்பதை விளக்குவது இவ்வுரையின் நோக்கம்.

இரைப்பையின் பின்புறம் அமைந்த கணையத்தில், சிறு தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகளை ஜெர்மானிய மருத்துவ மாணவர் பவுல் லாங்கர்ஹான்ஸ் 1869ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தார். அத்திட்டுகளிலுள்ள பீட்டா அணுக்களே இன்சுலினைச் சுரப்பவை. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காப்பு அமைப்பு, தன் உடலின் பகுதியான இந்த அணுக்களையே பகையெனக் கொண்டு அழித்துவிடும்போது முதல் வகை நீரிழிவு உண்டாகிறது. குழந்தை இனிப்பு மிகுதியாகத் தின்றதாலோ, தாய் கருவுற்ற காலத்தில் எதையோ உண்டதாலோ வருவதன்று இது. தமிழ்நாட்டில் 'சுகர்' என்றாலே நாற்பதைக் கடந்தவர்களின் நோய் என்னும் எண்ணம் வேரூன்றியிருப்பதால், பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவுக்குரிய அறிவுரைகள் இக்குழந்தைகளின் மேலும் கொட்டப்படுகின்றன: சோற்றைக் குறை, பாகற்காய்ச் சாறு கொடு, ஊசி பழகிவிட்டால் விட முடியாது, ஆகவே மாத்திரைக்கு மாற்று என்று. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் போதுமான பயன் தருவதில்லை. முதல் வகையிலோ சுரப்பே ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆகையால் வெளியிலிருந்து இன்சுலின் செலுத்துவதை நிறுத்தினால், உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் பெருகி, சில நாட்களுக்குள், சில வேளைகளில் ஒரே நாளில்கூட, உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்படும். நாட்டு மருந்தை நம்பி ஊசியை நிறுத்தியதால் நேரும் சாவுகள் முற்றிலும் தவிர்க்கக்கூடியவை என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இந்நோய் இங்கு அரிதன்று. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இருபது வயதுக்குட்பட்ட முதல் வகை நீரிழிவாளர்கள் இந்தியாவில் ஏறத்தாழ 2,29,000 பேர். உலக நாடுகளுள் இதுவே மிகப் பெரிய எண்ணிக்கை. சென்னையில் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 1996இல் வெளிவந்த பதிவேட்டு ஆய்வொன்று, ஆண்டுதோறும் இலட்சம் குழந்தைகளுள் பத்துப் பேருக்குச் சற்று மேல் இந்நோய் புதிதாகத் தோன்றுவதாகக் காட்டியது. ஒவ்வொரு பெரிய பள்ளியிலும் இத்தகைய குழந்தை ஒன்றேனும் இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வதே ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பான ஊகம்.

இன்சுலினின் வரலாறு பதின்பருவத்தினரிடமிருந்துதான் தொடங்குகிறது என்பது பலர் கவனியாத செய்தி. 1922 சனவரி 11ஆம் நாள் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற லியோனார்டு தாம்சன் பதினான்கு வயதுச் சிறுவன். அன்று செலுத்தப்பட்ட சாறு போதிய தூய்மை இல்லாமையால் பெரிதாகப் பயன்படவில்லை, உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய சாறு சனவரி 23 முதல் செலுத்தப்பட்டபோதுதான் சர்க்கரை இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத் டொராண்டோவுக்கு அழைத்து வரப்பட்டபோது, பதினைந்து வயதை எட்டவிருந்த அப்பெண்ணின் எடை ஏறத்தாழ இருபது கிலோ மட்டுமே. பதினொன்றாம் வயதில் நோய் கண்டறியப்பட்டதிலிருந்து, மருத்துவர் பிரெடரிக் ஆலன் வகுத்த பட்டினி உணவுமுறையால் அவர் உயிரைத் தக்கவைத்திருந்தார். அந்த முறையில் உயிர் நீடித்தது, வளர்ச்சி நின்றது. இன்சுலின் கிடைத்தபின் அவர் வளர்ந்து, கல்லூரியில் பயின்று, மணந்து, மூன்று குழந்தைகளைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். ஆயினும் தம் நோயை வாழ்நாள் முழுவதும் மறைத்தே வைத்திருந்தார் என்பதையும் வரலாறு குறித்திருக்கிறது. நோயை மறைப்பது தமிழ்க் குடும்பங்களின் தனி வழக்கம் என்று குறை கூறுவோர் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

இன்சுலின் வந்த பின்னும் போதாத அளவில் கொடுக்கப்பட்ட குழந்தைகள் குள்ளமாக நின்றுவிடுவதையும், அவர்களது கல்லீரல் வீங்குவதையும், பூப்பு தள்ளிப்போவதையும் பிரெஞ்சு மருத்துவர் பியர் மோரியாக் 1930இல் விவரித்தார். அந்நிலை இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எனவே பத்து வயதைக் கடந்த குழந்தையின் சிகிச்சை சரியாக நடக்கிறதா என்பதை அறிய, இரத்தச் சோதனைக்கு நிகராக உயரமும் எடையும் உரிய வயதில் தோன்ற வேண்டிய பூப்பின் அடையாளங்களும் உதவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரத்தைக் குறித்துவைப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

பூப்பு என்னும் சொல் வழக்கில் பெண்களுக்கே உரியதாயினும், இவ்வுரையில் அது இருபாலாரின் பருவ மாற்றத்தையும் குறிக்கும். பெண்களுக்கு எட்டு முதல் பதின்மூன்று வயதுக்குள்ளும், ஆண்களுக்கு ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள்ளும் இம்மாற்றம் தொடங்குகிறது. முதல் மாதவிலக்கோ குரல் உடைவதோ அதன் தொடக்கம் அன்று, அவை பிற்பகுதியில் நிகழ்பவை. வெளியே எவரும் கவனிக்கும் முன்பே வளர்ச்சி ஹார்மோனும் பால் ஹார்மோன்களும் உயரத் தொடங்கிவிடுகின்றன. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்தும் இயல்புடையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பூப்புக் காலத்திலிருக்கும் நோயற்ற சிறாரிடமும் இன்சுலினின் செயல்திறன் குறைந்திருப்பதும், நீரிழிவுள்ள சிறாரிடம் அது இன்னும் தாழ்ந்திருப்பதும் நிறுவப்பட்டன. நோயற்ற சிறுவனின் கணையம் அக்குறையைக் கூடுதலாகச் சுரந்து ஈடுசெய்துவிடுகிறது. அவனுக்கு அப்படியொன்று நிகழ்ந்ததே தெரிவதில்லை. முதல் வகை நீரிழிவுள்ள சிறுமிக்கோ அந்தக் கூடுதல், ஊசி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

எவ்வளவு கூடுதல் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். பூப்புக்கு முன் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 0.7 முதல் 1 யூனிட் வரை இன்சுலின் தேவைப்படும். பூப்புக் காலத்தில் அது 1.2 யூனிட்டுக்கு மேலும், சிலரிடம் 2 யூனிட் வரையிலும் உயரும். பத்து வயதில் முப்பது கிலோ எடையுள்ள ஒரு குழந்தை கிலோவுக்கு 0.8 யூனிட் என்ற கணக்கில் நாளுக்கு 24 யூனிட் பெற்றுவந்ததாகக் கொண்டால், பதின்மூன்றாம் வயதில் எடை நாற்பத்தைந்தாகவும் தேவை 1.2ஆகவும் உயரும்போது மொத்த அளவு 54 யூனிட்டாகிறது; மூன்று ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல். மருத்துவர்கள் தொடக்க மதிப்பீடாகக் கையாளும் வாய்பாடு ஒன்று, ஐந்நூறை நாளின் மொத்த யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட் இன்சுலின் ஏறக்குறைய எத்தனை கிராம் மாவுச்சத்தை ஈடுசெய்யும் என்பது கிடைக்கும் என்கிறது. அதன்படி பத்து வயதில் ஒரு யூனிட் 21 கிராம் மாவுச்சத்துக்குப் போதுமானதாயிருந்தது. பதின்மூன்றாம் வயதில் 9 கிராமுக்கே போதும். நடுத்தர அளவுள்ள ஓர் இட்லியில் பத்து கிராமை ஒட்டிய மாவுச்சத்து இருப்பதாகக் கொண்டால், இரண்டு இட்லிக்கு ஒரு யூனிட் என்றிருந்த கணக்கு, ஓர் இட்லிக்கு ஒரு யூனிட் என்று மாறிவிட்டது. குழந்தை உண்பதும் மாறவில்லை, ஒழுங்கும் குறையவில்லை, மாறியது வாய்பாடு.

இந்த மாற்றத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லாத வீட்டில் நிகழ்வது என்ன என்பதை ஊகிப்பது எளிது. காலைச் சர்க்கரை 250ஐத் தாண்டுகிறது, பள்ளிக்கு வெளியே எதையோ வாங்கித் தின்கிறான் என்று ஐயுறுகின்றனர், பையைச் சோதிக்கின்றனர். மருத்துவர் ஊசியின் அளவைக் கூட்டும்போது, நோய் முற்றிவிட்டது என்று தாய் அஞ்சுகிறாள். அளவு கூடக்கூட அது தன் மேல் விதிக்கப்பட்ட தண்டனை என்று குழந்தை எண்ணத் தொடங்குகிறது. உண்மையில் வளர்ச்சி முடிந்ததும் இந்தத் தேவை பெரும்பாலும் மீண்டும் இறங்கிவிடும். இன்சுலின் அளவு என்பது நோயின் கடுமையைக் காட்டும் எண் அன்று. உடலின் அன்றைய தேவையைக் காட்டுவது மட்டுமே. ஒன்பது அல்லது பத்து வயதிலேயே, 'இன்னும் ஓரிரு ஆண்டுகளில் ஊசியின் அளவு மிகவும் கூடும், அது வளர்ச்சிக்கான அடையாளம்' என்று பெற்றோரிடமும் குழந்தையிடமும் சொல்லிவைப்பது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் பல ஆண்டுப் பூசலைத் தவிர்க்கும்.

விடியற்காலைச் சர்க்கரைக்கும் தனிக் காரணம் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் இரவுத் தூக்கத்தில் மிகுதியாகச் சுரப்பதால், விடியும் முன் சில மணி நேரங்களில் கல்லீரலிலிருந்து சர்க்கரை வெளிப்பட்டு ஏறுகிறது. பதின்பருவத்தில் இவ்வேற்றம் கூடுதலாகக் காணப்படும். முந்தைய இரவு உண்ட இரண்டு தோசையை அதற்குக் காரணமாக்குவது நியாயமாகாது. மாதவிலக்கு வருவதற்கு முந்தைய சில நாட்களில் சர்க்கரை உயர்ந்து, விலக்கு தொடங்கியதும் இறங்குவதைப் பல பெண்களிடம் காணலாம். எனவே சர்க்கரைக் குறிப்பேட்டில் அந்நாட்களையும் குறித்துவைக்கும் பெண், மருத்துவருக்குப் பெரிய உதவி செய்கிறாள்.

கட்டுப்பாட்டை இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்பதற்கு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரிடம் நடத்தப்பட்ட நீரிழிவுக் கட்டுப்பாடு மற்றும் சிக்கல்கள் பற்றிய ஆய்வு விடை தந்தது. அதில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையிலானவர்கள் 195 பேர். நாளுக்கு மூன்று நான்கு முறை ஊசியோ பம்போ கொண்டு தீவிரமாகச் சிகிச்சை பெற்ற இளையோரிடம் எச்பிஏ1சி சராசரியாக 8.1 விழுக்காடாகவும், நாளுக்கு ஒன்றிரண்டு ஊசி என்னும் பழைய முறையில் இருந்தோரிடம் 9.8 விழுக்காடாகவும் இருந்தது. முன்னவர்களில் விழித்திரை பாதிக்கப்படும் அபாயம் பாதிக்கு மேல் குறைந்தது. இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அதே தீவிரச் சிகிச்சை பெற்ற வயதுவந்தோர் ஏறத்தாழ 7.1 விழுக்காட்டை எட்டினர். அதே மருத்துவர்கள், அதே உழைப்பு இருந்தும் இளையோரால் எட்ட முடியவில்லை. ஆய்வு முடிந்து, இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பின்னரும், முதலில் நன்கு கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குப் பல்லாண்டுகள் சிக்கல்கள் குறைவாகவே வந்தன. இளமையில் கிடைத்த நல்ல ஆண்டுகளை உடல் நினைவில் வைத்திருக்கிறது என்று இதை விளக்குவர்.

தீவிரக் கட்டுப்பாட்டுக்கு அந்த ஆய்விலேயே ஒரு விலையும் இருந்தது. கடுமையான தாழ்சர்க்கரை ஏறத்தாழ மூன்று மடங்கு கூடியது. தாழ்சர்க்கரை, அதாவது வழக்கில் 'லோ சுகர்', இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது. கைநடுக்கம், வியர்வை, பசி, காரணமற்ற எரிச்சல் ஆகியவை அதன் குறிகள், 54க்குக் கீழே போனால் அறிவு தடுமாறும். அந்நேரத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. மாலை முழுவதும் கபடியோ கிரிக்கெட்டோ ஆடிய சிறுவனுக்கு ஆடும்போது மட்டுமன்றி, அன்றிரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பது பல வீடுகளில் தெரியாத செய்தி. அதற்காக விளையாட்டை நிறுத்துவது தீர்வாகாது. அன்றிரவு ஊசியின் அளவும் உணவும் பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுவைப்பதே தீர்வு. இதற்கு நேர்மாறான இடர் காய்ச்சலின்போது வருகிறது. குழந்தை சாப்பிடவில்லையே என்று ஊசியையும் நிறுத்திவிடுவது மிகக் கொடிய பிழை. காய்ச்சலில் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு ஆகியவை கீட்டோன் பெருகியதன் அறிகுறிகள், அவை தோன்றினால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி, பொறுப்பு கைமாறுவதைப் பற்றி. பெரும்பாலான குழந்தைகள் பத்து வயதுக்குள் தாமே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் பேனாவில் எண்ணைத் திருப்பி ஊசி போட்டுக்கொள்ளவும் கற்றுக்கொள்கின்றனர்; இதைக் கண்டு பெற்றோர் பூரிக்கின்றனர், பூரிப்பதில் தவறில்லை. ஆனால் கைத்திறன் வேறு, முடிவெடுக்கும் திறன் வேறு. நாளை திருமண விருந்து, இன்று மாலை மூன்று மணி நேர ஆட்டம், தொண்டையில் வலி, காலையில் 220; இவற்றையெல்லாம் ஒருங்கே எண்ணி ஊசியின் அளவைத் தீர்மானிப்பது வயதுவந்தோர் பலருக்கே கடினம். திட்டமிடுவதற்கும் விளைவை முன்னுணர்வதற்கும் உரிய மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆயினும் ஏழாம் வகுப்புக்கு வந்ததும், 'பெரிய பிள்ளை ஆயிட்டே, இனிமே நீயே பாத்துக்கோ' என்று சிகிச்சை முழுவதையும் ஒரே நாளில் ஒப்படைத்துவிடும் வீடுகள் ஏராளம். அமெரிக்க உளவியலாளர் பார்பரா ஆண்டர்சன் உள்ளிட்டோர் பாஸ்டனின் ஜாஸ்லின் மையத்தில் பதின்பருவத் தொடக்கத்திலுள்ள சிறாரிடம் மேற்கொண்ட ஆய்வுகள், பெற்றோரின் பங்கு தொடர்ந்த குடும்பங்களில் கட்டுப்பாடு மேம்பட்டிருப்பதையும், பெற்றோர் விலகிய குடும்பங்களில் அது சரிவதையும் மீண்டும் மீண்டும் காட்டின. அதே ஆண்டர்சனும் ஜேம்ஸ் கோய்னும், நல்லெண்ணத்தோடு தொடங்கும் பெற்றோரின் உதவி எவ்வாறு நச்சரிப்பாகவும் பழிசொல்லாகவும் திரிந்து, குழந்தை மறைக்கத் தொடங்குவதில் போய் முடிகிறது என்பதையும் விளக்கினர். ஆக, விலகுவதும் பிழை, விரட்டுவதும் பிழை.

மறைத்தலின் மிகப் பழகிய வடிவம் பொய்க் குறிப்பேடு. சர்க்கரை பார்க்காமலே 112, 134, 126 என்று அழகாக எழுதிவைக்கும் பிள்ளைகளை நீரிழிவு மருத்துவர்கள் அனைவரும் அறிவர். எல்லாப் பக்கமும் ஒரே மையில், ஒரே அமர்வில் எழுதப்பட்டிருப்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும், குளுக்கோமீட்டரின் நினைவகத்தைத் திறந்தால் ஐயமும் தீரும். அப்பிள்ளையைப் பொய்யன் என்று அழைப்பதற்கு முன், அது ஏன் பொய் எழுதியது என்று கேட்க வேண்டும். 280 என்று எழுதிய ஒவ்வொரு முறையும் வீட்டில் ஏச்சு விழுந்தால், எண் தேர்வு மதிப்பெண்ணைப் போல் ஆகிவிடுகிறது. மதிப்பெண்ணைத் திருத்தும் ஆசை எந்தக் குழந்தைக்கும் இயல்பு. சர்க்கரை 280 என்பது அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்லும் செய்தி மட்டுமே; 'என்னத்தைத் தின்னே?' என்னும் கேள்விக்கு மாறாக, 'இப்ப எவ்வளவு போடலாம்?' என்று கேட்கும் தாய், பிள்ளையிடமிருந்து உண்மையான எண்களைப் பெறுவாள்.

அவ்வாறாயின் கைமாற்றம் எப்படி நிகழ வேண்டும் என்பதற்கு நாள்காட்டி எதுவும் இல்லை. பிள்ளைக்குப் பிள்ளை அது வேறுபடும். எனினும் பொதுவாக ஒரு வரிசையைக் கூறலாம். ஊசி போடும் வேலை முதலில் மாறலாம், ஆனால் எண்ணைப் பேனாவில் திருப்பும்போது பெரியவர் ஒருவரின் கண் அதன்மேல் இருக்க வேண்டும். பின்னர் உணவைக் கணக்கிட்டு அளவைச் சொல்வது பிள்ளையாகவும் ஒப்புவது பெற்றோராகவும் இருக்கலாம். காய்ச்சல் நாட்களின் முடிவும், இரவு நேரப் பொறுப்பும் கடைசியாகவே மாற வேண்டும். பரீட்சைக் காலத்தில் பிள்ளை களைத்துப்போய், 'ஒரு வாரம் நீயே போட்டுவிடும்மா' என்று கேட்டால் மறுக்காமல் போட்டுவிடுவது பின்னடைவாகாது. பல நாடுகளின் குழந்தை நீரிழிவு மையங்களை ஒப்பிட்ட விதோர் ஆய்வுக் குழு, மையங்களுக்கிடையிலான வேறுபாட்டை இன்சுலின் வகைகள் மட்டும் விளக்கவில்லை என்றும், எட்ட வேண்டிய இலக்கைத் தெளிவாக, மாறாமல் சொல்லும் மையங்களிலும், அவ்விலக்கில் தாய், தந்தை, பிள்ளை மூவரும் ஒத்துப்போகும் குடும்பங்களிலும் கட்டுப்பாடு மேம்பட்டிருந்தது என்றும் கண்டறிந்தது. தந்தை ஒன்றும் தாய் ஒன்றும் பாட்டி இன்னொன்றும் சொல்லும் கூட்டுக் குடும்பங்களுக்கு இம்முடிவு மிகப் பொருந்தும். தமிழ் வீடுகளில் இந்நோயின் சுமை பெரும்பாலும் தாயின் தோளில் மட்டுமே ஏறியிருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது; வாரத்துக்கு இரண்டு நாள் தந்தை ஊசிப் பொறுப்பேற்பது ஒரு பெரிய சீர்திருத்தமாகவே கொள்ளத்தக்கது.

பெண் குழந்தைகளின் நிலையைத் தனியே நோக்க வேண்டும். முதல் மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களி ஊட்டுவதும், மஞ்சள் நீராட்டு விழாவுக்கு உறவினர் தட்டுத் தட்டாக இனிப்பு கொண்டுவருவதும் வழக்கம். இன்சுலின் தேவை உச்சத்தில் இருக்கும் வயதும் அதுவே. களியை அறவே தடுத்து அப்பெண்ணைச் சடங்கில் தனித்து நிறுத்துவதைவிட, அளவைக் குறைத்து, கருப்பட்டியும் மாவுச்சத்தே என்று கணக்கில் கொண்டு, அதற்குரிய யூனிட்டைச் சேர்ப்பது மருத்துவத்துக்கும் முரணாகாது, மரபுக்கும் முரணாகாது. அடுத்து வருவது மறைப்பு: பெண் வயதுக்கு வந்துவிட்டாள், நாளைக்குத் திருமணம் பேச வேண்டும், ஆகவே உறவினர் எதிரில் ஊசி போடாதே என்னும் கட்டளை. இக்கட்டளையின் நேரடி விளைவு, விருந்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மதிய ஊசி தவறுவதுதான். இன்னும் கவலைக்குரியது, இன்சுலின் போட்டால் உடல் பருக்கும் என்றெண்ணி வேண்டுமென்றே ஊசியைத் தவிர்க்கும் போக்கு. பல நாடுகளில் பதின்பருவப் பெண்களிடம் பதிவாகியுள்ள இது பிடிவாதமன்று, மனநல உதவி தேவைப்படும் நிலை. காரணமின்றி எடை குறைவதும் எச்பிஏ1சி ஏறிக்கொண்டே போவதும் ஒருங்கே நிகழ்ந்தால் கண்டிப்பதை விட்டு மருத்துவரிடம் பேச வேண்டும்.

சிகிச்சை முறையைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். இருவகை இன்சுலினைக் கலந்த குப்பியிலிருந்து காலையும் இரவும் மட்டும் போடும் முறை மலிவானது. ஆனால் அது குறித்த நேரத்தில் குறித்த அளவு உண்ணும் வாழ்க்கையைக் கோருகிறது, தனிப்பயிற்சி வகுப்பு முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் எட்டாம் வகுப்பு மாணவனிடம் அத்தகைய வாழ்க்கை இல்லை. நாள் முழுவதும் மெல்லச் செயல்படும் அடிப்படை இன்சுலின் ஒன்றும், ஒவ்வோர் உணவுக்கு முன்னும் விரைந்து செயல்படும் ஊசியும் என்னும் முறையே இவ்வயதுக்கு ஏற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் பலமுறை ஊசியையே முன்வைக்கின்றன. வலி குறைவாக இருக்கிறது என்பதற்காக வயிற்றில் ஒரே இடத்தில் நாள்தோறும் குத்திக்கொள்ளும் பழக்கம் இவ்வயதில் மிகுதி. அங்கே தோலடிக் கொழுப்பு தடித்து, இன்சுலின் சரிவர உறிஞ்சப்படாமல், காரணம் புரியாத ஏற்ற இறக்கம் தோன்றும். மருத்துவர் விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும் இக்குறை பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் போவதுண்டு. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமான மண்பானை அமைப்பில் வைப்பது நம் கோடையில் நல்ல பயன் தருகிறது. உணரியும் பம்பும் வாங்க முடியாத குடும்பம் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நாளுக்கு நான்கு முறையேனும் பார்க்கத் தேவையான ஸ்ட்ரிப் இல்லாமல் எந்தச் சிகிச்சையும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதாகவே முடியும், இலவச இன்சுலின் தரும் திட்டங்கள் ஸ்ட்ரிப்பையும் தந்தாக வேண்டும்.

பள்ளியின் பங்கு இதில் சிறிதன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் நீரிழிவுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் போன்றவற்றை எடுத்துச் செல்ல இசைந்தது. தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023இல், வகுப்பறையில் சர்க்கரை பார்க்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் சிற்றுணவு உண்ணவும் பள்ளிகள் இடமளிக்க வேண்டும் என்று மாநில அரசுகளுக்கு எழுதியது. கடிதம் எழுதப்பட்டதும் கடைப்பிடிக்கப்படுவதும் ஒன்றல்ல. கழிப்பறைக்குள் ஒளிந்து மதிய ஊசி போடும் பிள்ளை விரைவில் அதைப் போடாமலே விட்டுவிடும். சத்துணவுச் சோற்றுக்கு ஊசி போடத் தலைமையாசிரியர் அறையில் ஒரு நாற்காலி ஒதுக்குவதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

முடிவாக, சட்டத்தாலோ மருத்துவத்தாலோ அன்றி நிர்வாகத்தால் உண்டான ஓர் இடரைச் சுட்ட வேண்டும். நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் குழந்தைகள் பிரிவு பன்னிரண்டு வயதோடு முடிகிறது. இன்சுலின் தேவை ஏறத் தொடங்கும் வயதும், பொறுப்பு கைமாறும் வயதும், பதினொன்றில் தொடங்க வேண்டிய விழித்திரை, சிறுநீரகச் சோதனைகளின் வயதும் அதுவே. அவ்வேளையில் ஆறேழு ஆண்டுகளாகத் தன்னை அறிந்த மருத்துவரை விட்டு, இரண்டாம் வகை நீரிழிவுள்ள அறுபது வயதினர் நிறைந்த வரிசையில் அப்பிள்ளை புதிதாகப் போய் நிற்கிறது. அங்கே இரண்டு நிமிடத்தில் முடியும் பார்வையில் பூப்பு பற்றியோ பொய்க் குறிப்பேடு பற்றியோ பேச இடமில்லை. பிற நாடுகளில் பதினெட்டு வயதுவரை குழந்தைகள் பிரிவிலேயே வைத்து, பின் இரு மருத்துவர்களும் சேர்ந்து பார்க்கும் இடைக்காலம் ஒன்றைக் கடந்த பிறகே மாற்றுகின்றனர். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கேனும் இந்த வயது வரம்பைப் பதினெட்டாக உயர்த்தும்படி அரசை வேண்டுவது இவ்வுரையின் கோரிக்கை. இதற்குப் புதிய கட்டடமோ புதிய மருந்தோ வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.